கட்டைக்கு முதுகு காட்டி ஏறினேன்

எங்கள் பயிற்சிக் கூடத்தின் கூரைத் தகடுகள் ஒரு சித்திரை மாதக் காற்றில் பிய்த்துக்கொண்டு போயின. மறுநாள் காலை பயிற்சியாளர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, புதுக் கூரை போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆகும், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள், உடம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். மாநிலப் போட்டிக்கு மூன்று மாதமே இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள். எனக்கோ உள்ளங்கால் குறுகுறுத்தது. இரண்டு மாதம் என்னைத் தடுக்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. அப்போது எனக்குப் பதினாறு வயது.

நான் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவள். அதில் பெண்களுக்கு நான்கு கருவிகள்; அவற்றில் ஒன்று பீம். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டை. என் நெஞ்சளவு உயரத்தில் இருக்கும். அகலம் பத்து சென்டிமீட்டர், என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதன் மேல் ஒன்றரை நிமிடம் நடந்து, சுழன்று, பல்டி அடித்து இறங்கவேண்டும். அதற்கெல்லாம் முன்னால் அதில் ஏறவேண்டும். ஏறுவதற்கும் மதிப்பெண் உண்டு. பெரும்பாலான பெண்கள் கையை ஊன்றி, காலைத் தூக்கிப் போட்டு, அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தேன், ஒரு வெளிநாட்டுப் பெண் வேறு மாதிரி ஏறுவதைச் செல்போனில் பார்க்கும்வரை.

அவள் பீமின் நுனியை நோக்கி நேராக ஓடிவந்தாள். நுனிக்கு முன்னால் கைகளை ஊன்றிக் கரணம் போட்டு, உடம்பைத் திருப்பி, இரண்டு காலையும் சேர்த்து ஸ்பிரிங் போர்டின் மேல் வந்து இறங்கினாள். இப்போது பீம் அவள் முதுகுக்குப் பின்னால். போர்டு அவளை மேலே எறிந்தது. பின்பக்கமாக ஒரு முழு பல்டி. இரண்டு பாதங்களும் பீமின் மேல் வந்து நின்றன. கை எங்கும் படவில்லை. ஏறப்போகிற இடத்தைப் பார்க்காமலேயே ஏறிவிட்டாள்.

அன்று மட்டும் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. பயிற்சியாளரிடம் காட்டினேன். உலகத்தில் இதைச் செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், நீ கழுத்தை உடைத்துக்கொள்ளாதே என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

கூடத்தைக் காலி செய்யும்போது பழைய ஸ்பிரிங் போர்டு ஒன்று மூலையில் கிடந்தது. குதித்துப் பழகக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். குதிக்கத்தானே என்று அவர் இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்தப் போர்டைக் கொல்லிமலை பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கியது. சந்தைக்குப் போய்த் திரும்பிய இரண்டு பெண்கள் கூடையோடு அதன் மேல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டார்கள். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் இருவரும் துள்ளித் துள்ளி விழுந்து சிரித்தார்கள். மலை மேல் செம்மேடு வரும்வரை எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் ஊர் ஆலத்தூர் நாட்டில்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வீடு. வீட்டுக்கு முன்னால், மிளகும் காப்பிக்கொட்டையும் காயப்போடுகிற சிமெண்ட் களம். அறுவடை முடிந்து அது காலியாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் அவ்வளவு நீளமான சமதரை வேறு கிடையாது. பஸ்ஸில் வரும்போதே அதைத்தான் மனதில் அளந்துகொண்டு வந்தேன்.

புது அறைக்கு விட்டம் போட அப்பா ஒரு சில்வர் ஓக் மரத்தை அறுத்து நிழலில் ஆறப்போட்டிருந்தார். அதைக் கேட்டேன். போட்டி முடிந்ததும் அப்படியே திருப்பித் தருகிறேன் என்றேன். அப்பா எதற்கு என்று கேட்டார், சொன்னேன். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, நான் சொன்ன அகலத்தை மரத்தின் மேல் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.

"இதுல கோழிகூட நிக்காது சாமி," என்றார்.

ஆனாலும் மறுநாள் ஆசாரியை அழைத்துவந்து நாலு பக்கமும் இழைக்கவைத்தார். களத்தின் ஓரத்தில் கனமான கால்கள் அடித்து, சரியான உயரத்தில் கட்டையைப் பொருத்தி, அசைகிறதா என்று தானே அதில் தொங்கிப் பார்த்தார்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்கண்ணு, மொகத்தைக் காட்டி ஏறுனா ஆகாதா?"

எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள் என்றேன். சரி, விழுந்தால் எதன் மேல் விழுவாய் என்றாள்.

அதற்குப் பதில் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் இருந்தது. என்னோடு ஹாஸ்டலில் மூன்று வருடம் இருந்த தோழி ஒருத்தி அந்த ஊர்க்காரி. பீமில் என்னைவிடக் கெட்டிக்காரி. மணிக்கட்டில் அடிபட்டு, கை வலிக்கிறது என்று பதினாலு வயதில் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், மெத்தைக் கடை. இலவம்பஞ்சு வாங்க ஒவ்வொரு கோடைக்கும் அவர் மலைக்கு வருவார். அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மெத்தை வேண்டும் என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு குட்டியானை வண்டி பழைய மெத்தைகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு களத்தில் வந்து நின்றது. முன் சீட்டில் அவளும் அவள் அத்தாவும். எல்லாம் பிரித்துப் பஞ்சை மறுபடி அடிப்பதற்காக வந்த மெத்தைகள், அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் மிதித்துக்கொள்ளுங்கள் என்றார் அத்தா. போகும்போது மகளை என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பத்து நாள் இருப்பதாக வந்தவள் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாள்.

வந்த அன்றே வேலையைத் தொடங்கினாள். வெறும் மரம் வழுக்கும் என்று சொல்லி, கட்டையின் மேல் மெல்லிசாகப் பஞ்சு வைத்து, மெத்தைக்குப் போடுகிற காடாத்துணியை இழுத்துச் சுற்றி, கோணி ஊசியால் அடிப்பக்கம் தைத்தாள். தையல் முடிந்ததும் காலால் தேய்த்துப் பார்த்தேன். எங்கள் கூடத்துப் பீம் மாதிரியே பிடித்தது. அந்த நிமிடமே ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன்.

பீமின் இரண்டு பக்கமும் சாமை வைக்கோல் திணித்த சாக்குகளை அடுக்கி, அவற்றின் மேல் மெத்தைகளைப் போட்டு, பீமின் மேற்பரப்பு வரை நிரப்பினோம். இப்போது பீம் தெரியவே தெரியாது, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருக்கும். ஓடிப்போய்க் கரணம் போட்டு, போர்டிலிருந்து பின்னால் பல்டி அடித்தால் எங்கே விழுந்தாலும் மெத்தைதான். முதல் நாள் முதுகில் விழுந்தேன். அப்புறம் முட்டியில். நாலாம் நாள் கால்களில் இறங்கினேன். அதற்கப்புறம் வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு கால். பிறகு இரண்டு காலும். ஒவ்வொரு முறை சரியாக வந்தபோதும் தோழி ஓடிவந்து என் தோளில் அடித்தாள்; என் தோள் சிவந்து கிடந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் எங்களுக்கு இதே பேச்சு. அப்பா எங்கள் இருவரையும் பார்த்து, சோற்றை மென்று விழுங்கிவிட்டுப் பேசுங்கள் என்பார்.

கோட்டில் தொடர்ந்து நிற்க வந்ததும், ஒரு சுற்று மெத்தையை எடுத்துவிடுவோம். பீம் கொஞ்சம் வெளியே தெரியும். அதில் நிற்க வந்ததும் இன்னொரு சுற்று. பக்கத்தில் நின்று பிடிக்க ஆள் தேவைப்பட்டது. தோழியின் உயரம் போதாது. அம்மா வந்து நின்றாள். அம்மா ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி நாள் முழுக்க மிளகு பறிக்கிறவள். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கூடையைத் தூக்குகிறவள். அவள் கையில் விழுந்தால் நழுவமாட்டேன் என்று எனக்குத் தெரியும். தோழி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஒரு கை இடுப்புக்குங்கம்மா, ஒரு கை முதுகுக்கு. காலைப் பாக்காதீங்க, தலையையும் பாக்காதீங்க. இடுப்பை மட்டும் பாருங்க."

அம்மா இடுப்பை மட்டும் பார்த்தாள். மூன்று முறை என்னை நடுக்காற்றில் பிடித்து மெத்தையில் கிடத்தினாள், துணி மடித்து வைப்பது மாதிரி.

ஆனி மாதச் சாரல் பிடித்தது. களம் ஈரமாகும்; பழைய சேலைகளால் துடைத்துவிட்டு ஓடுவோம். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். பஸ்கூட ஒருநாள் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி இரண்டு சுற்று மெத்தைதான் தரையில் இருந்தது. பீம் தன் முழு உயரத்துக்கும் என் முன்னால் நின்றது. அன்றைக்கு ஓடினேன். போர்டுக்கு இரண்டு அடி முன்னால் என் கால்கள் நின்றுவிட்டன.

முதலில் சிரித்தேன். திரும்பிப் போய் மறுபடி ஓடினேன். அதே இடத்தில் நின்றேன். அன்று முழுக்க அப்படியே. மறுநாளும் அப்படியே. நான் நிற்கவேண்டும் என்று நினைக்கவில்லை. கால்கள் என்னைக் கேட்காமல் நின்றன. நேற்றுவரை பறந்த உடம்பு இது. எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்றாம் நாள், மெத்தைகளை மறுபடி ஏற்றிவிடலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். நான் களத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். தோழி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோணி ஊசியால் சிமெண்ட்டைக் கீறிக்கொண்டே பேசினாள்.

"கை வலின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல, அது பொய்டி. கை ஒரே மாசத்துல சரியாயிருச்சு."

"அப்பறம் ஏன் போன?"

"ஒரு நாளு பீம் மேல பின்னால வளையோணும்னு கையைத் தூக்குனேன். ஒடம்பு வரல. மறுநாளும் வரல. தெனமும் ஏறி நிப்பேன், எறங்கிருவேன். பயம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கைன்னு சொல்லிட்டேன்."

இரண்டு வருடமாக அவளுடைய மணிக்கட்டை விசாரித்துக்கொண்டிருந்தவள் நான். அவள் கையைப் பார்த்தேன். ஒரு மாதமாக மெத்தை தூக்கிய கை அது. எத்தனை சாக்கு சுமந்திருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று தெரியவில்லை. இப்போது எனக்கு வந்திருப்பதும் அதுதானா என்று கேட்டேன்.

தெரியவில்லை என்றாள். பிறகு, "ஓடறப்ப நீ எதைப் பாக்கற?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பீமைத்தான் பார்த்தேன். மெத்தைக்குள் மூழ்கிக் கிடந்தவரை அது கண்ணுக்கே தெரியவில்லை. இப்போது ஓடத் தொடங்கியதிலிருந்து அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"நானும் அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்," என்றாள். "இனி பீமை நான் பாத்துக்கறேன். நீ போர்டை மட்டும் பாரு. போர்டுல கால் பட்டதும் என்னைப் பாரு."

எழுந்து போய், நான் ஓடத் தொடங்குகிற இடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கரணம் போட்டுத் திரும்பியதும் என் முகம் இருக்கும் திசை அதுதான். அம்மா பீமுக்குப் பக்கத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். நான் களத்தின் கோடிக்கு வந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் அது பயமில்லை, முதன்முதலில் அந்த வீடியோவைப் பார்த்தபோது அடித்துக்கொண்ட மாதிரி.

ஓடினேன். போர்டின் நுனியில் இருந்த ஆணித் தலையை மட்டும் பார்த்தேன். கை ஊன்றினேன். கால்கள் மேலே போய், சேர்ந்து, போர்டில் அறைந்தன. எதிரே அவள் நின்றாள், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. அவள் முகத்தைப் பார்த்தபடியே மேலே போனேன். அவள் மறைந்தாள், வானம் வந்தது, சில்வர் ஓக் இலைகள் வந்தன, பிறகு என் பாதங்களுக்குக் கீழே காடாத்துணி இருந்தது.

உடம்பு பின்னால் சாய்ந்தது. கால்விரல்களால் கட்டையைக் கவ்வினேன். கைகள் ஒரு சுற்று சுற்றின. முன்னால் போனேன், பின்னால் வந்தேன், நின்றேன். அம்மாவின் இரண்டு கைகளும் என் இடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்றில் விரிந்திருந்தன. படவில்லை.

"நின்னுட்டியா கண்ணு?" என்றாள் அம்மா. இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குக் கால் தெரியவில்லை. "எறங்கீராத, இரு. நான் ஒருக்கா பாத்துக்கறேன்."

பெஞ்சிலிருந்து இறங்கி, பின்னால் நாலு அடி போய், என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா மரவள்ளிக் காட்டிலிருந்து மண்வெட்டியோடு ஓடிவரும்வரை நான் மேலேயே நின்றேன்.

தோழி இந்தத் தடவை என் தோளில் அடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, என்னை இறங்கச் சொன்னாள். எல்லோரும் ஏறுகிற மாதிரி கையை ஊன்றி ஏறினாள். நடுவில் போய் நின்று கைகளைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். சாரல் ஆரம்பித்துவிட்டது. அம்மா சத்தமில்லாமல் பெஞ்சில் ஏறி, அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கையை விரித்தாள். தோழி மெல்லப் பின்னால் வளைந்தாள். கைகள் கட்டையைத் தொட்டன. ஒரு கால் மேலே வந்தது, மறுகால் வந்தது. இறங்கும்போது குதிகால் வழுக்கி, அம்மாவின் கைக்கும் சிக்காமல் மெத்தையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். அன்று மழை வலுக்கும்வரை இருவரும் மாறி மாறி ஏறினோம்.

ஒரு வாரம் கழித்து வீடியோ எடுத்து, சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய்ப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். அவர் குரல்பதிவாகத் திட்டி அனுப்பினார். என்னிடம் குதிக்க என்றுதானே கேட்டாய், உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டிருந்தார். நியாயமான கோபம். இன்று நானே சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் திட்டி முடித்த பிறகு அவர் குரல் மாறியது. "பக்கத்தில நிக்கறது உங்க அம்மாவா? அவங்க கை எவ்வளவு சரியா இருக்கு."

கூடம் திறந்ததும், முழு மெத்தை போட்டு, அவர் கண் முன்னால் மறுபடி முதலிலிருந்து செய்யவைத்தார். அவருக்குத் திருப்தி வந்தபிறகுதான் போட்டியில் செய்ய அனுமதித்தார்.

போட்டியன்று பீமின் நுனிக்கு நேராகப் போர்டை வைத்ததுமே, பக்கத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அந்த இடத்தில் யாரும் போர்டை அப்படி வைத்து அவர்கள் பார்த்ததில்லை. ஓடினேன். ஏறினேன். நின்றேன். கைதட்டல் ஒரே நேரத்தில் வரவில்லை. முதலில் ஒரு மூலை, பிறகு நாலு பக்கமும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மயக்கத்திலேயே, கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய ஒரு சாதாரணச் சுழற்சியில் தவறிக் கீழே விழுந்தேன். ஆறாவது இடம். பயிற்சியாளர் திரும்புகிற வழியெல்லாம் அந்தச் சுழற்சியைப் பற்றியே பேசினார். கேலரியிலிருந்து பார்த்த அம்மாவுக்கு ஆறாவது இடம் போதவில்லை. மலை இறங்கி இவ்வளவு தூரம் வந்தோமே, இன்னொரு தடவை ஏறிக் காட்டச் சொல்லக்கூடாதா என்று நடுவரிடம் கேட்கக் கிளம்பினாள். தோழிதான் பிடித்து உட்காரவைத்தாள்.

அதற்கடுத்த வருடம் மூன்றாவதாக வந்தேன். கட்டை புது அறையின் விட்டமாகப் போய்விட்டது. தோழி கல்லூரி அணியில் இரண்டு வருடம் ஆடினாள், பிறகு நடுவர் தேர்வு எழுதித் தேறினாள். போன வருடம் ஒரு போட்டியில் பீமுக்கு எதிரே நடுவர் மேசையில் அவளே உட்கார்ந்திருந்தாள். இருபத்தோரு வயதில் அந்த ஏற்றத்தை நான் மறுபடி செய்தேன். ஒரு அசைவில்லாமல் நின்றேன். முடிந்ததும் நேராகப் போய், எங்கே மதிப்பெண் குறைத்தாய் என்று கேட்டேன். எழுதியதைச் சொல்லக்கூடாது என்றாள். வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது அவளே சொல்லிவிட்டாள்.

"சுத்தறப்ப முட்டி ரெண்டும் விலகுது. ஊட்டுக்குப் போயி வீடியோவைப் பாரு."

பார்த்தேன். நாலு விரல் அளவுக்கு விலகித்தான் இருந்தது. மறுநாள் காலையிலிருந்து அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.